மார்ஜினில் என்ன எழுதுவது? ஆங்கிலச் சிறுகதை நடத்தப்போகும் புது ஆசிரியருக்கு

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பிளஸ் ஒன் வகுப்புக்கு ஒரு ஆங்கிலச் சிறுகதையின் ஜெராக்ஸைக் கொடுத்து, "முக்கியமான இடங்களைக் குறிச்சுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வந்த தாள்கள் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போய்த் திரும்பியவை போல இருந்தன. ஹைலைட்டர் படாத வரி இல்லை. ஒரு மாணவி முதல் வரியில் தொடங்கி கடைசி வரி வரைக்கும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தாள். "இதுல எதும்மா முக்கியம்?" என்றேன். "எல்லாமே கதையில வர்றதுதானே சார்" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. நான் சொன்ன 'முக்கியமான' என்ற சொல்தான் தப்பு. கதை முடிவதற்கு முன் எது முக்கியம் என்று யாருக்குத் தெரியும்? கைடு போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

நம் பிள்ளைகளுக்குக் குறிப்பெழுதும் பழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. எந்த மாணவரின் ஆங்கிலப் புத்தகத்தையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் தலைக்கு மேல் பென்சிலில் தமிழ் அர்த்தம் இருக்கும். அது பதவுரை. நம் பழைய உரையாசிரியர்களும் பதவுரை எழுதினார்கள், ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, வேறு சொல் ஏன் வரவில்லை என்று தாங்களே கேள்வி எழுப்பி, பதிலும் சொன்னார்கள். பரிமேலழகர் உரையைத் தமிழாசிரியர் நடத்தக் கேட்டவர்களுக்கு இது புரியும். ஆங்கில வகுப்பில் அனோட்டேஷன் என்று நாம் கேட்பது அந்த இரண்டாவது வேலையைத்தான். மாணவர்களிடமும் இப்படியே சொல்லிவிடுங்கள். "அனோட்டேட் பண்ணுங்க" என்றால் விழிப்பார்கள். "உரை எழுதப் போறோம்" என்றால் சிரித்துக்கொண்டே பேனாவை எடுப்பார்கள்.

முதலில் கதை. பாடப்புத்தகக் கதையை எடுக்காதீர்கள். அதற்கு கைடு இருக்கிறது, தீம் என்ன என்று அதில் அச்சாகியிருக்கிறது, போன வருட நோட்டு அண்ணனிடம் இருக்கிறது. புத்தகத்துக்கு வெளியே, ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் முடியும் கதையாகத் தேடுங்கள். ஒரே பீரியடில் இரண்டு முறை படிக்க முடிகிற நீளம் அது. நான் வருடா வருடம் எடுப்பது கேட் ஷோபன் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் ஆன் ஹவர்'. 1894 டிசம்பரில் அமெரிக்காவின் 'வோக்' இதழில் வந்தது, ஏறக்குறைய ஆயிரம் சொல். ஷோபன் 1904இல் இறந்துவிட்டார். ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் வரைதான் இந்தியாவில் பதிப்புரிமை என்பதால் பயமில்லாமல் பிரதி எடுக்கலாம்.

கதை இதுதான். மிசஸ் மல்லார்டுக்கு இதய நோய். ரயில் விபத்தில் கணவர் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அவருடைய சகோதரி ஜோசபின் பக்குவமாக எடுத்துச் சொல்கிறாள். மிசஸ் மல்லார்ட் அழுகிறார், பிறகு தனியாக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, திறந்த ஜன்னலுக்கு எதிரே உட்காருகிறார். வெளியே வசந்தகாலம். மெல்ல மெல்ல அவருக்குள் எதுவோ வருகிறது. வாய்விட்டு முணுமுணுக்கிறார்: ஃப்ரீ, ஃப்ரீ, ஃப்ரீ. கடைசியில் கீழே இறங்கி வரும்போது வாசல் கதவைத் திறந்துகொண்டு கணவரே உள்ளே வருகிறார். விபத்து நடந்ததே அவருக்குத் தெரியாது. மனைவி இறந்துபோகிறார். சந்தோஷம் தாங்காமல் இறந்தார் என்கிறார்கள் மருத்துவர்கள்.

இனி தாள் தயாரிப்பு. கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் பாதி வெற்றி இதில் இருக்கிறது. 12 பாயின்ட் எழுத்து, வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி, வலது பக்கம் ஐந்து சென்டிமீட்டராவது வெற்றிடம். ஐந்து வரிக்கு ஒருமுறை ஓரத்தில் வரி எண் போடுங்கள். இல்லாவிட்டால் "சார், அந்த நடுப் பாராவுல, மேல இருந்து..." என்று தேடியே மணி அடித்துவிடும். புத்தகத்திலேயே எழுதச் சொல்லலாமே என்று தோன்றும். எழுத மாட்டார்கள். அடுத்த வருடம் தம்பிக்கு வேண்டும், இல்லையென்றால் புத்தகத்தில் கிறுக்கினால் அடி விழும் என்று ஐந்தாம் வகுப்பிலேயே பழகியிருப்பார்கள். "கிழிச்சாலும் பரவாயில்ல, இது உன்னோடது" என்று சொல்லக்கூடிய ஒரு தாள் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. கணவர் வாசல் கதவைத் திறக்கும் இடத்தில் கதையை வெட்டிவிடுங்கள். கடைசியில் உள்ள அந்தச் சில வரிகள் தனித் துண்டுச் சீட்டில் வரட்டும். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்குப் போவதற்கு முன் உங்கள் பிரதியில் நீங்கள் குறிப்பு எழுதி முடித்திருக்க வேண்டும், அதுவும் முந்தின நாள் இரவே. பலர் இதைச் செய்வதில்லை. பி.ஏ.வில் படித்த கதைதானே என்று போய் நிற்பார்கள். மாணவர் ஒருவர் எதிர்பாராத வரியைக் காட்டிக் கேட்டால், அப்போதுதான் அந்த வரி இருப்பதே நமக்குத் தெரியவரும்.

முதல் பீரியடில் பேனா வேண்டாம். எல்லோரும் பேனாவை உள்ளே வைக்கட்டும். நீங்கள் உரக்கப் படியுங்கள், அவர்கள் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்கட்டும். ஏழெட்டுக் கடினமான சொற்களுக்கு மட்டும் முன்கூட்டியே கரும்பலகையில் அர்த்தம் எழுதிப் போட்டுவிடுங்கள். எலிக்ஸர் என்றால் உயிர் தரும் மருந்து, ஈவ்ஸ் என்றால் கூரையின் இறவாரம், லாட்ச்கீ என்றால் வாசல் கதவுச் சாவி, கிரிப்சாக் என்றால் பயணப் பை. பதவுரை வேலையை நாம் செய்து கொடுத்துவிட்டால் பென்சிலுக்கு அடுத்த வேலை கிடைக்கும்.

வெட்டிய இடம் வந்ததும் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள், தமிழில் எழுதினாலும் சரி. அப்புறம் துண்டுச் சீட்டைக் கொடுங்கள். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும், பிறகு யாராவது கேட்பார்கள், "சந்தோஷத்துலயா செத்தாங்க?" அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் அப்படியே எழுதுங்கள். பதில் சொல்லாதீர்கள். சொல்ல வாய் துடிக்கும், எனக்கு இன்னமும் துடிக்கிறது. ஆனால் சொல்லிவிட்டால் அடுத்த மூன்று பீரியடும் வீண்.

இரண்டாவது பீரியடில் பேனாவை எடுக்கலாம். மூன்றே மூன்று குறிகள். புரியாத இடத்தில், அல்லது இடிக்கிற இடத்தில் கேள்விக்குறி. ஏற்கெனவே வந்த சொல்லோ பொருளோ மறுபடி வந்தால் வட்டம் போட்டு, இரண்டு வட்டத்தையும் ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். கதை திரும்புகிற இடம் என்று தோன்றினால் நட்சத்திரம். பல ஆசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு குறிகள், நான்கு நிறம் என்று பட்டியல் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். உவமைக்குப் பச்சை, பாத்திரத்துக்கு நீலம். பிள்ளைகள் நிறம் மாற்றுவதிலேயே மும்முரமாகிவிடுகிறார்கள், கதை நழுவிவிடுகிறது.

குறிகளைவிட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. குறி போட்டால் அதற்கு நேராக மார்ஜினில் குறைந்தது மூன்று சொல் எழுத வேண்டும். வெறும் கோடு செல்லாது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கோட்டை ஏன் போட்டோம் என்று போட்டவருக்கே தெரியாது. அதோடு, பக்கத்துக்கு மூன்று குறிக்கு மேல் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் நீராட்டு நின்றுவிடும்.

மார்ஜினில் எழுதுவது தமிழா ஆங்கிலமா? எதில் யோசனை வருகிறதோ அதில். இதில் எனக்கும் சக ஆசிரியர்கள் சிலருக்கும் ஒத்துப்போகாது. ஆங்கில வகுப்பில் ஆங்கிலம்தான் என்பது அவர்கள் கட்சி. ஆனால் "இவளுக்கு ஏன் இன்னும் பெயரே வரல?" என்று யோசிக்கிற பிள்ளையை ஆங்கிலத்தில்தான் எழுது என்று கட்டாயப்படுத்தினால், 'குட் சென்டன்ஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசியில் எழுதும் பத்தி ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

இப்போது கதையின் முதல் வாக்கியத்தை நீங்கள் எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, மனதில் ஓடுவதை வாயால் சொல்லிக்கொண்டே குறி போடுங்கள். பதினைந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். மிசஸ் மல்லார்டுக்கு இதயக் கோளாறு இருந்ததால் கணவரின் மரணச் செய்தியை மிகப் பக்குவமாகச் சொல்வதற்கு மிகுந்த கவனம் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது அந்த வாக்கியத்தின் பொருள்.

'மிசஸ் மல்லார்ட்' என்பதில் நான் முதலில் நிற்பேன். "மிசஸ்னா கல்யாணம் ஆனவங்க. மல்லார்ட் அவங்க வீட்டுக்காரர் பேரு. அப்ப இவங்க பேரு என்ன?" பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, 'சொந்தப் பெயர் இல்லை'. அடுத்து 'ஹார்ட் டிரபிள்'. "டாக்டர் சொல்ற டிரபிள்தானா, வேற ஏதாவதா?" இன்னொரு கேள்விக்குறி. அடுத்து 'கிரேட் கேர் வாஸ் டேக்கன்'. "கவனம் எடுத்துக்கொள்ளப்பட்டது. யாரால?" இந்த இடத்தில் வகுப்பே நிமிரும். ஆறாம் வகுப்பிலிருந்து பாஸிவ் வாய்ஸ் படிக்கிறார்கள். ராமன் ராவணனைக் கொன்றான், ராவணன் ராமனால் கொல்லப்பட்டான் என்று நூறு முறை மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதை எழுத்தாளர் ஒரு காரணத்துக்காகத் தேர்ந்தெடுப்பார் என்று அவர்களிடம் யாருமே சொன்னதில்லை. இங்கே செய்தவர்கள் வாக்கியத்தில் இல்லை. இந்த அம்மாவைச் சுற்றி யார் யாரோ முடிவெடுக்கிறார்கள், அவர் எதையும் செய்யவில்லை, அவருக்குச் செய்யப்படுகிறது. இலக்கணப் பாடம் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் நல்ல பதில் இந்த ஒரு வாக்கியம்தான்.

அதன் பிறகு அவர்கள் தனியாகச் செய்யட்டும். இருபது நிமிடம். நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்க ஏன் நின்ன?" பதில் வந்தால், "அதையே எழுது" என்று சொல்லிவிட்டு நகருங்கள். பதில் வராவிட்டால் அந்தக் குறியை அடித்துவிடலாம். எதுவுமே எழுதாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் "ஒரே ஒரு இடம், உனக்குப் பிடிக்காத வரி எது?" என்று கேட்டுப் பாருங்கள். பிடித்த வரியைவிடப் பிடிக்காத வரி சீக்கிரம் கிடைக்கும்.

இந்தக் கதையில் ஒரு சிக்கல் கட்டாயம் வரும். "புருஷன் செத்ததுக்குச் சந்தோஷப்படுறா, இவள்லாம் ஒரு பொம்பளையா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கும். வகுப்பு இரண்டாகப் பிரியும். அடக்காதீர்கள், அறிவுரையும் சொல்லாதீர்கள். "அதை மார்ஜின்ல எழுது. இப்ப உன் பேச்சுக்கு எதிரா ஒரு வரி கதைக்குள்ள இருக்கான்னு தேடு" என்று திருப்பிவிடுங்கள். தேடினால் கிடைக்கும். கணவரின் உடலைப் பார்க்கும்போது, அந்த அன்பான கைகள் மடங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது மறுபடி அழுவேன் என்று அவருக்குத் தெரிகிறது. மனைவியை அன்போடு தவிர வேறு விதமாகப் பார்த்திராத முகம் அது என்றும் கதை சொல்கிறது. ஆக, கணவர் கொடுமைக்காரர் இல்லை. இந்தப் பக்கம் "ஆம்பளைங்களே இப்படித்தான்" என்று சொன்ன பெண்களுக்கும் ஒரு வரி காத்திருக்கிறது. இன்னொரு உயிர் மேல் தன் விருப்பத்தைத் திணிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று ஆண்களும் பெண்களும் நம்புவதாகத்தான் கதையில் வருகிறது, ஆண்கள் என்று மட்டும் இல்லை. கருத்து சொன்னவர் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கதையில் உள்ள வார்த்தையைத் தொட்டுவிட்டு வந்தால் போதும்.

மூன்றாவது பீரியடில் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்தவர் குறிப்புக்குக் கீழே ஒரு பதிலோ மறு கேள்வியோ எழுத வேண்டும். அப்புறம் கரும்பலகையில் வட்டங்களைத் திரட்டுங்கள். ஃப்ரீ எத்தனை முறை வருகிறது, எந்தெந்த வரியில்? முதல் வாக்கியத்தில் ஹார்ட் டிரபிள், கடைசி வாக்கியத்தில் ஹார்ட் டிசீஸ். நடுவில் ஒரு 'மான்ஸ்ட்ரஸ் ஜாய்', கடைசி வார்த்தைகளில் 'ஜாய் தட் கில்ஸ்'. ஓப்பன் விண்டோ இரண்டு இடத்தில். அப்புறம் பெயர்கள். கணவரின் முழுப் பெயர் பிரென்ட்லி மல்லார்ட் என்று இரண்டாவது பாராவிலேயே வந்துவிடுகிறது, அதுவும் இறந்தவர்கள் பட்டியலில். மனைவியின் பெயர்? ஃப்ரீ என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் கதவுக்கு வெளியிலிருந்து ஜோசபின் கூப்பிடுகிறாள்: "லூயிஸ், கதவைத் திற!" முதல் வாக்கியத்தில் போட்ட கேள்விக்குறிக்கு இங்கே கோடு வந்து சேரும். வகுப்பில் பாதிப் பேர் "ஓ" என்பார்கள். அந்த "ஓ"வுக்காகத்தான் நான் இந்தக் கதையை விடாமல் வைத்திருக்கிறேன்.

ஒரு வருடம், எப்போதும் வாயே திறக்காத ஒரு பையன் கதவுகளை மட்டும் இணைத்து வைத்திருந்தான். மனைவி உள்ளே பூட்டிக்கொள்கிறாள், ஜோசபின் சாவித்துவாரத்தில் வாயை வைத்துக் கெஞ்சுகிறாள், கணவர் மட்டும் சொந்தச் சாவி போட்டு உள்ளே வருகிறார். 'இவருக்கு மட்டும் சாவி இருக்கு' என்று எழுதியிருந்தான். நான் அதுவரை இருபது முறையாவது படித்திருப்பேன், கவனிக்கவில்லை.

குறிப்பிலிருந்து அலசலுக்குப் போகிற இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 'ஜன்னல் சுதந்திரத்தின் சின்னம்' என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அது கைடு வாக்கியம், எந்தக் கதையில் ஜன்னல் வந்தாலும் பொருந்தும். "இந்தக் கதைக்கு மட்டும் பொருந்துற மாதிரி மாத்து" என்று திருப்பிக் கொடுங்கள். ஜன்னல் வழியாக என்னென்ன வருகிறது? மழை வாசனை, தெருவில் வியாபாரி கூவுவது, தூரத்துப் பாட்டு, குருவிச் சத்தம். எல்லாமே வெளியிலிருந்து உள்ளே வருகின்றன, அவர் வெளியே போகவில்லை. கீழே இறங்கி வாசலை நோக்கிப் போனபோது உயிர் போகிறது. இப்போது அந்த வாக்கியம் தானாக வேறு மாதிரி வரும்.

நான் மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுப்பேன்: கதை என்ன சொல்கிறது, எந்தச் சொல்லால் சொல்கிறது, அதனால் என்ன? மூன்றாவதுதான் உயிர். 'லூயிஸ் என்ற பெயர் தாமதமாக வருகிறது' என்பது கவனிப்பு. 'தனக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதாக அவர் உணர்ந்த பிறகே கதை அவருக்குச் சொந்தப் பெயர் தருகிறது. கணவர் திரும்பி வந்த பின் அந்தப் பெயர் மறுபடி வருவதில்லை' என்பது அலசல். இரண்டாவது வாக்கியத்தோடு யாராவது சண்டை போட முடியும். முதல் வாக்கியத்தோடு முடியாது. சண்டைக்கு இடமிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் மாணவர்களே பிரித்துவிடுகிறார்கள்.

நான்காவது பீரியடில் ஒரே பத்தி, ஆங்கிலத்தில், நூற்றைம்பது சொல்லுக்குள். இரண்டு இடங்களிலாவது கதையின் சொற்களை மேற்கோள் குறிக்குள் கொடுத்து வரி எண் போட வேண்டும். மேற்கோள் முழு வாக்கியமாக வேண்டாம், நான்கைந்து சொல் போதும். 'இந்தக் கதையின் நீதி' என்று முடிக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் நாலு பேர் எழுதுவார்கள், பழக்கதோஷம்.

எழுத்தாளரைப் பற்றி எப்போது சொல்வது? பத்தி எழுதி முடித்த பிறகு. ஷோபனின் அப்பா 1855இல் ஒரு ரயில் பாலம் உடைந்த விபத்தில் இறந்தார், அப்போது ஷோபனுக்கு ஐந்து வயது. 1882இல் கணவரும் இறந்தார். முதல் நாளே இதைச் சொன்னால் எல்லாத் தாளிலும் 'ஆசிரியர் தன் வாழ்க்கையை எழுதியிருக்கிறார்' என்ற ஒரே வரிதான் வரும். கடைசியில் சொன்னால், இதனால் தன் வாசிப்பில் ஏதாவது மாறுகிறதா என்று யோசிப்பார்கள். அதே போல, இந்தக் கதை முதலில் வெளியானபோது தலைப்பில் 'ஸ்டோரி' இருந்த இடத்தில் 'ட்ரீம்' இருந்தது. எது நல்ல தலைப்பு என்று பத்து நிமிடம் விவாதிக்க விடுங்கள். நேரம் போவதே தெரியாது.

திருத்துவது பற்றிப் புதியவர்கள் மலைத்துப்போவார்கள். நாற்பத்தைந்து பேர், தலைக்கு நான்கு பக்கம். எல்லாக் குறிப்பையும் படிக்க வேண்டாம். "உன் குறிப்புகளிலேயே நல்லதை நீயே தேர்ந்தெடுத்துப் பெட்டி போட்டுக் கொடு" என்று சொல்லிவிட்டு, அதை மட்டும் படித்து ஒரு வரி பதில் எழுதுங்கள். மார்ஜினுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அடுத்த முறை உங்களுக்குப் பிடிக்கும் குறிப்புகளாகவே வரும். பத்திக்கு மட்டும் மதிப்பெண் போதும்.

தேர்வுக்கு இது உதவுமா என்று தலைமையாசிரியர் கேட்பார். நேர்மையான பதில்: பாதி உதவும். மனப்பாடம் செய்து எழுதும் பாரா கேள்விக்கு இதனால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. பார்த்திராத பகுதியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் இடத்தில் வித்தியாசம் தெரியும். நான்கு பீரியடை விழுங்கும் வேலை என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஒன்று, அரையாண்டுக்கு முன் ஒன்று.

இரண்டாவது முறைக்கு ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை' (The Gift of the Magi) சரியாக இருக்கும். 1905இல் வந்தது, இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம், முதலில் நான் சொன்ன அளவைத் தாண்டும். இந்த முறை முதல் வாக்கியத்தைச் செய்து காட்டாமல் அவர்களிடமே விட்டுவிடுங்கள். கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட், அதில் 60 சென்ட் ஒரு சென்ட் காசுகளாக என்று கதை தொடங்குகிறது. மிச்சம் 1 டாலர் 27 சென்ட். கணக்கில் கெட்டிக்கார மாணவர் யாராவது கை தூக்கி, அந்த 27இல் ஒரு சென்ட் காசே இல்லையென்றால் கடைசி 2 சென்ட் எந்தக் காசு என்று கேட்பார். அமெரிக்காவில் 2 சென்ட் காசு 1873 வரையிலும் 3 சென்ட் காசு 1889 வரையிலும் அடித்தார்கள் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் அந்தக் கேள்வியை மார்ஜினில் எழுதச் சொல்லுங்கள்.